மூன்றாவது கை

திருமூர்த்திக்குப் பொருத்திய செயற்கைக் கை வஞ்சிமுத்துவின் பேச்சைத்தான் கேட்டது. யார் பேச்சையும் கேட்காமல் இருந்திருந்தால் பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கேட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

இருவரும் கோவை கணபதிப் பக்கம் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். மோட்டாருக்குள் அடுக்குகிற தகடுகளை அங்கே வெட்டி எடுப்பார்கள். வஞ்சிமுத்து செட்டர். மெஷினைத் தயார் செய்து ஆளிடம் ஒப்படைப்பது அவர் வேலை. வயது நாற்பத்தெட்டு. திருமூர்த்தி ஆப்பரேட்டர். அவனுக்கு இருபத்தொன்பது. மெஷின் முன்னால் நிற்பவன் அவன்.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே நீட்டக் கை ஏது? அதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை ஊர்ந்துதான் நகரும்.

அவசரம் என்றால் ஒரு பட்டனை அமுக்கி, அது எழாதபடி ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவார்கள். சக்கை என்று அதற்குப் பெயர். பிறகு ஒரு கை பட்டனில், மறு கை தகட்டில். எல்லாப் பட்டறையிலும் உண்டு. யாரும் கேட்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வஞ்சிமுத்து சக்கை வைத்தார். வாசலில் வெட்டிப்போட்டிருந்த வேப்பங்கிளையில் ஒரு துண்டு. “ஒத்தக் கையில ஓட்டுடா, வெரசா முடிஞ்சிரும்,” என்றார். பதினொன்றேகால் மணிக்கு இரும்பு இறங்கியபோது திருமூர்த்தியின் வலது கை உள்ளே இருந்தது.

வஞ்சிமுத்து சக்கையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையனைத் தூக்குவதற்கு முன்பா பின்பா என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முன்பு.

மூன்றாம் நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். நேர்மையான மனிதர். டீ கூடக் குடிக்கவில்லை. இரண்டு பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். இரண்டும் ஒழுங்காக எழுந்தன.

“ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் இது இறங்கும்.”

“ஆமாங்க,” என்றார் வஞ்சிமுத்து.

“இறங்கியிருக்கு.”

“ஆமாங்க.”

“அப்ப உள்ள போனது எந்தக் கை?”

வஞ்சிமுத்து யோசிக்கிற மாதிரி நின்றார். இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு. பிறகு அறிக்கையை எழுதினார். தொழிலாளி அனுமதியின்றி மூன்றாவது கை ஒன்றைப் பணியிடத்துக்குக் கொண்டுவந்து கவனக்குறைவாக இயந்திரத்துக்குள் வைத்திருக்கிறார். அனுமதிக்கப்பட்ட இரு கைகளும் பட்டன்களின் மேல் பத்திரமாக இருந்தன. கீழே முத்திரை.

அறிக்கையின் நகல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. திருமூர்த்தி படுத்தபடியே மூன்று தடவை படித்தான். ஐடிஐ படித்த பையன். அச்சில் இருப்பதை நம்புவான். அன்று காலை நடந்தது அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது.

“ஏனுங்ணா, எனக்கு மூணு கையா இருந்துச்சு?”

வஞ்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“நான் கவனிச்சதே இல்லீங்ணா.”

“வேலை மும்முரத்துல அதையெல்லாம் எங்கடா கவனிக்கிறது.”

திருமூர்த்தியின் மனைவி வளர்மதி கால்மாட்டில் நின்றிருந்தாள். “கல்யாணத்தப்போ ரெண்டுதானுங்ணா இருந்துச்சு,” என்றாள். போனில் கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினாள்.

“மாலை மறைச்சிருக்கும்,” என்றான் திருமூர்த்தி. அவனுக்கு அவமானமாக இருந்தது. தகராறு பிடித்த ஒரு கையை ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்தவன் என்று ஆகிவிட்டதே.  பிறகு சொன்னான்: “அன்னிக்கு உங்க மச்சான் வீட்ல கெடா விருந்து. என்னாலதான் உங்களுக்கு அது கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்ணா.”

“அதனால என்னடா,” என்றார் வஞ்சிமுத்து. உரித்த சுளையை அவனுக்குக் கொடுக்க மறந்து தானே தின்றுவிட்டார்.

செயற்கைக் கை கொடுக்கிற அலுவலகம் ஒரு வராந்தாவின் கடைசியில் இருந்தது. முதல் தடவை போனபோது வராந்தா நாற்பது அடிதான். அங்கே கலாவதி என்றொரு அம்மாள். விண்ணப்பம் வாங்குவதும் அவர்தான், கை பொருத்துவதும் அவர்தான், மணி அடிப்பதும் அவர்தான். ஆள் பற்றாக்குறை.

அவர் அறிக்கையைப் படித்தார். “இதுப்படி உங்களுக்கு ரெண்டு கையும் பத்திரமா இருக்கு.”

திருமூர்த்தி வலது முழங்கைக்குக் கீழே முடிந்துபோன கையைத் தூக்கிக் காட்டினான்.

“அதை நான் பாக்கக்கூடாது. காகிதத்தைத்தான் பாக்கணும். போனது மூணாவது கை. அதுக்குப் பதிலா குடுக்கறது கூடுதல் கை. கூடுதல் கைய மூணு பரிட்சைக்குத்தான் குடுக்க முடியும். மூணுலயும் தேறினா வெச்சுக்கலாம். ஒண்ணு தவறினா கழட்டி அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்.”

கை அழகாக இருந்தது. கறுப்பு விரல்கள். உள்பக்கம் காசு அளவில் இரண்டு உலோக வில்லைகள் தோலைத் தொட்டன. கலாவதி அம்மாள் விளக்கினார். கை போனது மிச்சச் சதைக்குத் தெரியாது. மூடு என்று நினைத்தால் அது பழையபடி இறுகும். இறுகும்போது தோலில் துளி மின்சாரம் ஊறும். வில்லை அதைப் பிடித்து மோட்டாருக்குச் சொல்லும். மேஜை மேலிருந்த திரையில் சிவப்புக் கோடு எழுந்தால் மூடும். நீலக் கோடு எழுந்தால் திறக்கும். அவ்வளவுதான் சங்கதி.

“இல்லாத கைய மூடுங்க.”

திருமூர்த்தி கண்ணை இறுக்கினான். நெற்றி வேர்த்தது. இரண்டு கோடும் படுத்தே கிடந்தன.

“மூடுங்க.”

“மூடியேதானுங்க மேடம் இருக்கு,” என்றான். “அன்னிக்கு மூடுனதுதான். எதையோ புடிச்சிட்டிருக்கு. திறக்கத்தான் வரல. நெம்ப வலிக்குதுங்க.”

வஞ்சிமுத்து கதவோரம் நின்றிருந்தார்.  கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே சக்கை இருந்தது. பட்டறையிலும் அதைப் போட மனம் வரவில்லை, வீட்டிலும் வைக்க இடமில்லை, அதனால் ஒவ்வொரு சட்டைக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பிடித்தார்.

திரையில் சிவப்புக் கோடு துள்ளியது. மேஜை மேலிருந்த கறுப்பு விரல்கள் மூடின.

வளர்மதி அழுதுவிட்டாள். வஞ்சிமுத்து சக்கையை விட்டார். விரல்கள் திறந்தன. பிடித்தார். மூடின. அவருக்குப் புரிந்துபோயிற்று. 

“முதல் பரிட்சை தேறிட்டீங்க,” என்றார் கலாவதி அம்மாள். “வீட்ல செய்யறதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் செய்ங்க. அப்பத்தான் பழகும்.”

இதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இருவர் வீடும் ஒட்டுச் சுவர். காலையில் அந்தப் பக்கத்திலிருந்து, “டம்ளரப் புடிக்கறேன்,” என்று திருமூர்த்தியின் குரல் வரும். வஞ்சிமுத்து பல் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் காற்றை ஒரு பிடி பிடிப்பார். “விடறேன்.” விடுவார். “சீப்பு.” பிடிப்பார். “சட்டைப் பட்டன்.” இது சிரமம். நாக்கைத் துருத்திக்கொண்டு கால் மணி நேரம் நிற்பார். என்ன இது கூத்து என்று அவர் மனைவி கேட்டாள். எக்சர்சைஸ் என்றார்.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. திருமூர்த்தி வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். முகத்தில் களை வந்துவிட்டது. அவன் சிரிப்பைக் கேட்கும்போது வஞ்சிமுத்துவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது, கை வேலை செய்தால் சரிதானே என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்த மறுநாள் சக்கை துளிர்விட்டது.

சட்டைப் பைக்கு வெளியே இரண்டு வேப்பங்கொழுந்து தலையை நீட்டின. கிள்ளிப் போட்டார். அடுத்த நாள் நான்கு. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் கிள்ளுவது ஒரு வேலையாகிவிட்டது.

இரண்டாம் பரிட்சைக்குப் போனபோது வராந்தா நீண்டிருந்தது. பாதி வழியில் ஒரு டீக்கடை. மூவரும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு நடந்தார்கள். கலாவதி அம்மாள் தக்காளி ஒன்றைக் கொடுத்து நசுங்காமல் எடுக்கச் சொன்னார். வஞ்சிமுத்து வாசலில் நின்றபடி எடுத்தார். தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கலாவதி அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க வயசென்ன?”

“இருபத்தொம்பதுங்க,” என்றான் திருமூர்த்தி.

“கோடு நாப்பத்தெட்டு காட்டுதே.”

“நெம்பக் கஷ்டப்பட்டுட்டானுங்க மேடம்,” என்றார் வஞ்சிமுத்து வாசலிலிருந்து.

அவர் வஞ்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். பையில் கிள்ளாமல் விட்டுப்போன கொழுந்து ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. “உங்க வீட்ல யாருக்காச்சும் அம்மை போட்டிருக்கா?”

“இல்லீங்க.”

“சரி,” என்று எதையோ குறித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொரு விபத்து நடந்தது. வஞ்சிமுத்து பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சத்தி ரோட்டில் ஒரு வேன் குறுக்கே வந்தது. வலது கையால் பிரேக்கை இறுக்கினார். வேன்காரன் திட்டிவிட்டுப் போனான். இவருக்கு ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீடு அமைதியாக இருந்தது. எட்டிப் பார்த்தார். வளர்மதியின் மணிக்கட்டில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. தரையில் கண்ணாடி வளையல் சில்லுகள். திருமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கையைக் கட்டில் காலோடு சேர்த்துத் துண்டால் கட்டி வைத்திருந்தான்.

“காலைல அவ கையப் புடிச்சிட்டிருந்தனுங்ணா. சும்மா, ஆசையா. திடீர்னு நெரிச்சிருச்சு. விடுன்னா விடல.”

“ஒண்ணுமில்லீங்ணா, சும்மா வீக்கம்,” என்றாள் வளர்மதி.

“எனக்கு வாய்க்கறதெல்லாம் முரட்டுக் கை,” என்றான் திருமூர்த்தி. “மூணாவது கையும் இப்படித்தான் இருந்திருக்கும். அதான் சொல்லாமக் கொள்ளாம உள்ள போயிருக்கு.”

வஞ்சிமுத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டியிருந்த கை துண்டுக்குள் இறுகியது. அவர் அவசரமாக நிலைப்படியை விட்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் இவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தார். “எண்ணெய் தேச்சு விடு, சரியாயிரும்,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து பைக்கைத் தொடவில்லை. நடந்து போனார். வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். இடது கையில் ஸ்பூனால் சோறு தின்றார். பட்டறையில் கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்றார். இத்தனையும் செய்தது அந்தப் பெண்ணின் கைக்காகத்தான் என்று அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டார். ஓரளவுக்கு அது நிஜமும்கூட. ஆனால் திருமூர்த்தி துண்டை அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, “டம்ளரப் புடிக்கறேன்,” என்ற குரலும் வரவில்லை. கொழுந்து மட்டும் கிள்ளக் கிள்ள வந்தது.

மூன்றாம் பரிட்சைக்கு இருவர் மட்டும் போனார்கள். வளர்மதி புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். வராந்தாவில் இப்போது டவுன் பஸ் விட்டிருந்தார்கள். கண்டக்டர், “கண்ணு, காது, எலும்பு, கையெல்லாம் ஏறு,” என்று கூவினான். முக்கால் மணி நேரம் ஓடியது. காது ஸ்டாப்பிங்கில் நிறையப் பேர் இறங்கினார்கள்.

“இன்னிக்குத் தவறிட்டா கழட்டிருவாங்கல்லங்ணா?” என்றான் திருமூர்த்தி.

“தவறாது.”

“கழட்டிட்டாலும் பரவால்லீங்ணா. அவ பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு.”

வஞ்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலகத்துக்கு வெளியே புதிதாக ஒரு பலகை. துணைக்கு வந்தவர்கள் கைகளை வெளியே விட்டுவிட்டு வரவும். கோயிலில் செருப்பு விடுகிற மாதிரி மரத்தட்டு அடித்திருந்தார்கள். ஏழெட்டு ஜோடிக் கைகள் வரிசையாக இருந்தன. காவலுக்கு ஓர் ஆள்.

“வாட்ச கழட்டிக்கங்க,” என்றான். “வாட்சுக்கு நாங்க பொறுப்பில்ல.”

வஞ்சிமுத்துவின் வலது கை தொட்டிலிலிருந்து வெளியே வந்து, இடது கையைக் கழற்றித் தட்டில் வைத்தது. வலது கையைக் காவல்காரனே கழற்றினான். பழக்கப்பட்டவன், வலிக்கவில்லை. பதினேழாம் நம்பர் டோக்கனை வஞ்சிமுத்துவின் வாயில் வைத்தான். வஞ்சிமுத்து டோக்கனைக் கடித்தபடி உள்ளே போனார்.

கலாவதி அம்மாள் துண்டை அவிழ்க்கச் சொன்னார். “கடைசிப் பரிட்சை ரொம்பச் சுலபம். இந்தக் கையால உங்க இடது கையப் புடிங்க. புடிச்சுட்டு விட்டுருங்க.”

திருமூர்த்தி இடது கையை நீட்டினான். வஞ்சிமுத்துவுக்குப் பிடிக்கக் கை இல்லை. ஆனாலும் நினைத்தார். முழங்கைக்குக் கீழே சதை இறுகியது. இல்லாத விரல்கள் மூடுவது நன்றாகத் தெரிந்தது. சிவப்புக் கோடு எழுந்தது. கறுப்பு விரல்கள் திருமூர்த்தியின் இடது கையைப் பிடித்தன.

“நல்லா இருக்கு. விடுங்க.”

வஞ்சிமுத்து விட நினைத்தார். வரவில்லை. இல்லாத கை மூடிக்கொண்டு கிடந்தது. எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. என்ன என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து இத்தனை மாதமும் இவன் இந்த வலியோடுதான் இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய் இன்னும் இறுக்கினார்.

“மேடம், வலிக்குதுங்க,” என்றான் திருமூர்த்தி. அவனுடைய இடது கை விரல் நுனிகள் வெளுத்தன.

கலாவதி அம்மாள் கையைப் புரட்டிப் பார்த்தார். “கருவி நல்லாத்தான் இருக்கு. கோட்டுக்குச் சொந்தக்காரர் திறக்கணும்.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “கோட்டு உரிமை மாற்றம். ஏழாவது கேள்வி: கோடு உங்களிடம் வந்த விதம். வாயால சொன்னாப் போதும், நான் எழுதிக்கறேன்.”

“யாருங்க மேடம் சொல்லணும்?” என்றான் திருமூர்த்தி.

“நாப்பத்தெட்டு வயசு யாருக்கு?”

அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான். வஞ்சிமுத்துவின் வாயிலிருந்து டோக்கன் கீழே விழுந்தது.

“அன்னிக்கு லாரி நின்னுட்டிருந்துச்சுங்க,” என்றார்.

நீலக் கோடு அசையவில்லை. லாரி திங்கட்கிழமைதான் வந்தது.

“முதலாளி வெரசா முடிங்கன்னாருங்க.”

அசையவில்லை. முதலாளி அன்று ஊரிலேயே இல்லை.

“எல்லாப் பட்டறையிலயும் வெக்கறதுதானுங்க மேடம்.”

நீலக் கோடு லேசாகத் துடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திருமூர்த்தி பல்லைக் கடித்தான். அவன் விரல்களில் ஒன்று நீலம் பாரித்திருந்தது. அது அவனுக்கு மிச்சமிருக்கும் கை. அதுவும் போனால் நான்காவது கை என்று எழுதுவார்கள். வஞ்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

“சக்கை வெச்சது நான்தானுங்க,” என்றார். “எடுத்து ஒளிச்சதும் நான்தான்.”

நீலக் கோடு எழுந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் திறந்தன.

“அவனைத் தூக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டனுங்க. அவன் கீழ கெடந்தான். நான் அவனைத் தாண்டிப் போய் எடுத்தேன்.”

நடுவிரல் திறந்தது. கொஞ்சம் பொறுத்து ஆள்காட்டி விரலும் திறந்தது. கட்டைவிரல் மட்டும் திருமூர்த்தியின் உள்ளங்கையில் புதைந்து கிடந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றார் கலாவதி அம்மாள்.

“மச்சான் வீட்ல கெடா விருந்துங்க. பந்திக்கு நேரமாயிரும்னு வெச்சேன். வேற காரணம் ஒண்ணுமில்லீங்க.” கட்டைவிரல் அசையவில்லை. வஞ்சிமுத்து தரையைப் பார்த்தார். “சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரா அங்க போனேன். இவனுக்கு இன்னும் மயக்கம் தெளியல. இலை போட்டாங்க. சாப்ட்டேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்ட்டேன்.”

கட்டைவிரல் திறந்தது.

திருமூர்த்தி இடது கையை உதறினான். ரத்தம் திரும்ப ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  எழுந்து அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப எனக்கு ரெண்டு கைதான் இருந்துச்சுங்ளா?” என்றான்.

“ரெண்டுதாண்டா.”

அவன் தலையை ஆட்டினான். வெகு நேரம் ஆட்டினான்.

“கறி எப்புடி இருந்துச்சு?”

“உப்பில்லடா. வாய்ல வெக்க வெளங்கல.”

சிவப்புக் கோடு எழுந்தது. கறுப்பு விரல்கள் மெல்ல மூட ஆரம்பித்தன.

“நல்லா இருந்துச்சு,” என்றார் வஞ்சிமுத்து. விரல்கள் திறந்தன.

கலாவதி அம்மாள் எழுதி முடித்தார். சாட்சிப் பொருள் கேட்டார். வஞ்சிமுத்துவின் சட்டைப் பையிலிருந்து தாமே சக்கையை எடுத்தார். அதற்குள் அது ஒரு முழம் வளர்ந்திருந்தது. நூல் கோத்துப் படிவத்தோடு கட்டினார். பழைய அறிக்கையில் மூன்றாவது கை என்ற இடத்தை அடித்து, வலது கை என்று திருத்தினார். வஞ்சிமுத்து கையெழுத்துப் போட வேண்டும், கை வெளியே இருந்தது. கறுப்பு விரல்களில் பேனாவைச் செருகினார்கள். வஞ்சிமுத்து நின்ற இடத்திலிருந்தே கடைசித் தடவையாக அதை நகர்த்தினார். அவருடைய கையெழுத்து, சுழி மாறாமல் விழுந்தது.

முத்திரை விழுந்ததும் திரையில் இருந்த கோடு இளைத்து நிமிர்ந்தது. “இருபத்தொம்பது,” என்றார் கலாவதி அம்மாள். “இப்ப மூடுங்க.”

திருமூர்த்தி மூடினான். மூடிற்று. திறந்தான். திறந்தது. வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அது பிடித்திருந்ததெல்லாம் போய் வலி விட்டிருக்க வேண்டும், அவன் தோள் இறங்கியது. கறுப்புக் கையால் சாப்பாட்டுப் பையைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வஞ்சிமுத்து தரையில் கிடந்த டோக்கனைக் குனிந்து வாயால் கவ்வி எடுத்தார்.

காவல்காரன் பதினேழாம் நம்பர் கைகளை எடுத்து மாட்டிவிட்டான். வஞ்சிமுத்து வாட்ச் கட்டப் பார்த்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. நகரவில்லை.

“இது என்னுதுதானா?”

“பதினேழு உங்களுதுதான்,” என்றான் அவன். “உரிமை மாத்தி எழுதிக் குடுத்தீங்களா?”

“ஆமா.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். இனி எழுதி வாங்கினவர் பேச்சத்தான் அது கேக்கும்.”

பஸ் நின்றுகொண்டிருந்தது. காலையில் வந்ததைவிட வராந்தா இன்னும் நீண்டுவிட்டதாம். ஊர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும் என்றான் கண்டக்டர். திருமூர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வஞ்சிமுத்து கொஞ்சம் தயங்கிவிட்டு அதில் உட்கார்ந்தார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

 எலும்பு தாண்டியதும் திருமூர்த்தி பொட்டலத்தைப் பிரித்துக் கறுப்பு விரல்களால் புளிசாதத்தைச் சாப்பிட்டான். ஒரு பருக்கை சிந்தவில்லை. பாதியை வஞ்சிமுத்துவின் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினான்.

அப்போது வஞ்சிமுத்துவின் மடியில் கிடந்த வலது கை மூடிக்கொண்டது. முதலில் மெதுவாக. பிறகு நகம் உள்ளங்கையில் இறங்குகிற அளவுக்கு. அவர் திருமூர்த்தியைப் பார்த்தார். அவன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. காது ஸ்டாப்பிங் வந்தது, போயிற்று. கண் ஸ்டாப்பிங் வந்தது. கை திறக்கவில்லை.

திறக்கச் சொல்லி வஞ்சிமுத்து அவனிடம் கேட்கவில்லை. இடது கையால் புளிசாதத்தை எடுத்துச் சாப்பிட்டார்.